கோடு போடாத இடம்

தென்காசியில் எனக்குப் பழக்கமான பத்திர எழுத்தர் ஒருவர், எழுதி முடித்த தாளில் வெற்றிடம் இருந்தால் விடவே மாட்டார். காதில் செருகிய பேனாவை எடுத்து, பிறகு யாரும் எதையும் சேர்த்துவிடாதபடி குறுக்கே கோடு இழுத்துவிடுவார். நெற்றியில் சந்தனம், சலவைச் சட்டை. பார்த்தால் நியாயமே வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

ஞாயிறுதோறும் அவர் கடையில் நாங்கள் இருவரும் போர் விளையாட்டு ஆடுவோம். ஒரு பலகை, இரண்டு பொம்மைப் படைகள், பகடை. தகராறு வேண்டாமென்று விதிகளை அவரே எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

குற்றாலச் சாரல் தெருவரை வந்த ஒரு ஞாயிறு, அவர் உருட்டிய பகடை தரையில் போய் விழுந்தது. ஆறு. என் தளபதியைப் பலகையிலிருந்து தூக்கிவிட்டார்.

"கீழ விழுந்தா செல்லாதுன்னு எழுதியிருக்கே, அண்ணாச்சி?"

தாளை நீட்டினார். அந்த விதியின் முடிவில் மட்டும் கோடு இழுக்காமல் விட்டிருந்தார். இப்போது அங்கே வேறு மையில், 'கடைக்காரர் நீங்கலாக' என்று நெருக்கி எழுதியிருந்தது.

"இது பொறவு சேத்ததுல்லா?"

"கீழ இருக்கது உம்ம கையெழுத்துதானவே?" என்று பல் குத்திக்கொண்டே சிரித்தார்.

ஆட்டத்தை விட்டு எழுந்துவிட்டேன். பந்தயம்கூட இல்லை. ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்காக!

வீட்டுக்கு வந்து முகம் கழுவியும் அந்தச் சிரிப்பு போகவில்லை. பீரோவைத் திறந்து என் வீட்டுப் பத்திரத்தை எடுத்தேன். எழுதியவர் அவர்தான். கோடு போடாத இடம் எங்கே இருக்கிறதென்று பக்கம் பக்கமாகத் தேட ஆரம்பித்தேன்.