சூறாவளிப் படைக்குக் கட்டிய கறுப்புத் துணி

அந்த மாதப் புத்தகத்தில் எங்கள் ஆட்கள் ஐந்து பேரையும் காணோம். எப்போதும் அவர்கள் நிற்கிற பாறையின் மேல் ஐந்து பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். புத்தகத்தைக் கையில் வாங்கிய பெரியப்பா மகன் அப்படியே வாயைத் திறந்து நின்றுவிட்டான். ஓர் ஈ உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

போன வாரம் என் மகன் செல்போனை வைத்துக்கொண்டு அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தான். பெண்கள் மட்டுமே சேர்ந்த வீரர் படை என்று புதிதாக ஒரு சித்திரக்கதை வந்திருக்கிறதாம். அநியாயம் என்று சில பிள்ளைகளும், இதுதான் நியாயம் என்று சில பிள்ளைகளும், முகம் தெரியாதவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். உனக்கு இதெல்லாம் புரியாது நைனா என்றான். எனக்கா புரியாது? நாங்கள் இதற்காகக் கொடிமரத்தில் கறுப்புத் துணியே கட்டினவர்கள். பெரிய படிப்பு படித்தவன் இல்லை நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் குப்பம் கோட்டைக்குப்பத்துக்கு அந்தாண்டை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஏரி. பொன்னேரியில் கடையில் வேலை செய்த மாமா ஊருக்கு வரும்போதெல்லாம் ‘சூறாவளிப் படை’ என்கிற சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று வாங்கிவருவார். அதில் ஐந்து வீரர்கள். ஒருவர் உள்ளங்கையிலிருந்து மின்னல் விடுவார், ஒருவர் மலையைத் தூக்குவார், ஒருவர் மூச்சு விடாமல் தண்ணீருக்குள் கிடப்பார், ஒருவர் சுறாமீனோடு பேசுவார். ஐந்தாமவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பார். அவருக்கு இன்ன சக்தி என்று கடைசிவரை தெரியவில்லை. ஆளுக்கொருவரைப் பங்கு போட்டபோது நான் சின்னவன் என்று அந்தக் கைகட்டியை என் தலையில் கட்டிவிட்டார்கள். மின்னல்காரர் பெரியப்பா மகனுக்கு.

புத்தகம் ஒன்று, படிக்கிற பையன்கள் பலபேர். அதனால் பெரியவர்கள் ஏரியில் செய்கிற மாதிரியே நாங்களும் செய்தோம். ஏரியில் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். யார் எந்த நாளில் எந்த இடத்தில் கட்டுவது என்று ஆம்பிளைகள் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பாடு. தன் பாடு இல்லாத நாளில் ஒருவரும் அந்த இடத்தில் வலையை இறக்கமாட்டார்கள். இறக்கினால் ஊர்க் கட்டுமானம், அதாவது ஊர்ப் பஞ்சாயத்து, சும்மா விடாது. நாங்களும் புத்தகத்துக்குச் சீட்டுப் போட்டுப் பாடு வைத்தோம். அக்கா ஒருமுறை தன் பேரையும் போடச் சொன்னாள். பெரியப்பா மகன் ஊர்த் தலைவர் கிராமணி மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, பொண்ணுங்களுக்குப் பாடு கிடையாதுன்னு தெரியாதா என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை, ஏரியிலும் கிடையாது. அக்கா தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். என் பாடு வரும் நாளில் நான் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கும் புத்தகத்தை, நான் எழுந்திருப்பதற்குள் அவள் படித்து முடித்துவிடுவாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

முந்தின மாதம் கதையை ஈவிரக்கமில்லாத இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஐந்து வீரர்களும் கடலுக்கு அடியில் ஒரு குகையில் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் கழுத்துவரை ஏறிவிட்டது. ‘தொடரும்.’ அந்த மாதம் முழுக்க எங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய், இறங்கியது, ருசிக்கவில்லை.

அப்படிக் காத்திருந்து கைக்கு வந்த புத்தகத்தில்தான் பெண்கள். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் கூடினோம். அச்சுப்போட்டவன் அட்டையை மாற்றி ஒட்டிவிட்டான் என்றான் ஒருவன். மாறுவேஷமாக இருக்கும் என்றான் இன்னொருவன். கைகட்டி நின்றவர் இடத்தில்கூட ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நான் காட்டினேன். யாரும் மதிக்கவில்லை. கடைசியில் பெரியப்பா மகன் முதல் பக்கத்தைத் திறந்தான். பக்கம் முழுக்கக் கடல். கடலின் மேல் ஐந்து தொப்பிகள் மிதந்தன.

அவன் புத்தகத்தை மூடிவிட்டான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

“செத்துட்டானுங்கடா,” என்றான். “அதான் பொம்பளைங்க வந்துக்கீறாங்க.”

அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று வெளியூர்ப் பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் தொழிலில் கை வைக்கக்கூடாது. பாடு உள்ளவனும் வலையைத் தொடமாட்டான். அன்று புத்தகத்துக்கு என் பாடுதான், முதல் பாடு. ஆனால் சாவு விழுந்த நாளில் பாடு ஏது? நானும் வாயை மூடிக்கொண்டேன்.

செய்வதை முறையாகச் செய்யவேண்டும் என்றான் பெரியப்பா மகன். ஊரில் சாவு என்றால் கரையில் இருக்கிற கொடிமரத்தில் கறுப்புத் துணி ஏறும். ஏரிக்குள் இருப்பவர்களைக் கூப்பிட்டால் காற்றில் கேட்காது. துணி கண்ணுக்குத் தெரியும். தெரிந்ததும் எல்லாரும் கரையேறிவிடுவார்கள். சாவு வீட்டில் நடந்திருந்தால் ஊர் அந்த வீட்டு வாசலில் கூடும். கடலில் நடந்திருந்தால் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கரையில், தண்ணீரைப் பார்த்து வரிசையாக உட்காருவார்கள். எங்கள் வீரர்கள் போனது கடலில். ஆகவே வரிசையாக உட்கார்ந்தோம். வீட்டில் கம்பி ஒடிந்து கிடந்த அக்கா குடையின் துணியை நான் கொண்டுவந்தேன். பெரியப்பா மகன் மரத்தில் ஏறிக் கட்டினான். உச்சி வெயில். கரையில் பெரியவர்கள் யாரும் இல்லை. எங்கள் குடும்பத்துக்கு அன்று ஏரியில் பாடு இல்லாததால் நைனாவும் பெரியப்பாவும் கடலுக்குப் போயிருந்தார்கள். காலையிலிருந்து வாடைக் காற்று. குடைத்துணி படபடவென்று நன்றாகவே பறந்தது. எங்களுக்குத் துக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஏரியில் எங்கள் ஊர்ப் பெண்கள் இருந்தார்கள்.

அவர்களுக்கு வலையும் இல்லை, பாடும் இல்லை. வலைக்காரர்கள் வேண்டாமென்று விட்ட ஆழமில்லாத இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் குந்திக்குந்தி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி என்கிற சின்னக் கூடை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அந்தப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் தண்ணீரில் அவர்கள் பேசுவது கிடையாது. வாயைத் திறந்தால் பறி போய்விடும். நண்டு கடித்தாலும் அம்மா தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போடுவாளே தவிர, பல்லை விடமாட்டாள். பக்கத்து ஊர்ப் பெண்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தப் பெண்கள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். கொடிமரத்தைப் பார்த்தார்கள். வீடுகளைப் பார்த்தார்கள், அங்கே கூட்டம் இல்லை. பிறகு கரையில் துண்டு போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார்கள். எங்கள் மரியாதையைப் பார்த்து மெச்சுகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

மறுகணம் எல்லாரும் கரையை நோக்கிப் புறப்பட்டார்கள். இடுப்புத் தண்ணீரில் ஓட முடியாது, காலைச் சேறு பிடிக்கும். ஓட முடியாத இடத்தில் ஓடினார்கள். விழுந்தார்கள், எழுந்தார்கள். ஒருத்தியும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. அவர்களுக்குப் பின்னால் பறிகள் தண்ணீரில் தனியாக மிதந்துபோய்க்கொண்டிருந்தன. அம்மாவின் வாயிலும் பறி இல்லை.

முதலில் வந்தது பெரியம்மா. மகனின் தலைமுடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

“யார்ரா? சொல்லித் தொலைடா, யாரு?”

அவன் நிலைமை புரியாமல், துக்கம் குறையாமல், உள்ளதைச் சொன்னான்.

“அஞ்சு பேரும்மா. அஞ்சு பேரும் போயிட்டாங்க.”

நைனாவும் பெரியப்பாவும் போன படகில் போயிருந்தவர்கள் ஐந்து பேர். சித்திரக்கதை வரைந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பெரியம்மாவின் கை அவன் தலையிலிருந்து தானாகக் கழன்றது. அம்மா கரைக்கு வந்து சேரவேயில்லை. முழங்கால் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய் மட்டும் திறந்திருந்தது.

சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்த அக்காதான் கொடிமரத்தைப் பார்த்தாள், தன் குடைத்துணியை அடையாளம் கண்டாள், படகடியில் கிடந்த புத்தகத்தையும் கண்டாள். அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. தண்ணீருக்குள் இறங்கிப்போய் அம்மாவின் முகத்துக்கு நேராகப் புத்தகத்தைப் பிடித்தாள்.

“பொம்மை புஸ்தகம்மா. இதுல வர்றவங்க செத்துட்டாங்கன்னு கட்டிக்கீதுங்க இந்த எருமைங்க.”

அதற்குப் பிறகு நடந்ததை விரித்து எழுதவேண்டாம். பெரியம்மா மகனை அடித்த அடியில் அவன் விட்ட மின்னலை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். எனக்கும் கிடைத்தது, அக்கா கையால், குடைக்காக. துணியை அவிழ்த்தார்கள்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. யாரும் சாகவில்லை என்று தெரிந்த பிறகும் பெண்கள் மறுபடி ஏரியில் இறங்கவில்லை. போன பறிகளைத் தேடவும் இல்லை. வீட்டுக்கும் போகவில்லை. படகுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வரும் திசையைப் பார்த்துக்கொண்டு, நாங்கள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், ஈரப் புடவையோடு உட்கார்ந்துவிட்டார்கள். காற்று ஏறிக்கொண்டிருந்தது. வழக்கமாகப் படகு திரும்புகிற நேரம் தாண்டியது. செல்போன் எங்கள் ஊர்ப் படகுகளில் ஏறாத காலம் அது.

ரொம்ப நேரம் கழித்து ஒருத்தி, அந்தப் பாழாப்போன புஸ்தகத்துல இன்னாதான் இருக்குது, படிடி என்று அக்காவைக் கேட்டாள். அக்கா படிக்க ஆரம்பித்தாள். முன்கதையைப் புத்தகத்தைப் பார்க்காமலே அவள் சொன்னபோது பெரியப்பா மகன் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

படத்தைப் பார்த்த பெண்களுக்கும் அதிர்ச்சிதான். ஆனால் அது வேறு அதிர்ச்சி. முடியை விரித்துப் போட்டுக்கொண்டு எவளாவது தண்ணியில எறங்குவாளா என்றாள் ஒருத்தி. குதிகால் உயர்ந்த அந்தச் செருப்போடு நம் சேற்றில் கால் வைத்தால் வெறும் கால் மட்டும்தான் வெளியே வரும் என்றாள் இன்னொருத்தி. மற்றொரு படத்தில் அந்தப் பெண்களில் ஒருத்தி கயிறு ஒன்றைப் பல்லால் கடித்துக்கொண்டு நீந்தினாள். அதைக் கண்டதும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பரவால்ல, இவளுக்குத் தொழில் தெரியுது என்றாள் பெரியம்மா.

அம்மா மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணை முகத்துவாரத்திலிருந்து எடுக்காமல் அக்காவிடம் கேட்டாள்.

“அந்த அஞ்சு பேரு இன்னா ஆனானுங்க?”

அக்கா படிப்பதை விட்டுவிட்டுப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் நின்றாள்.

“இருக்காங்கம்மா. கயித்தைக் கட்டி இழுத்துக் கரையேத்திட்டாங்க.”

அம்மா தலையை ஆட்டினாள். எனக்கோ தலை சுற்றியது. கடைசிவரை புரட்டியிருந்தால் அடியே வாங்கியிருக்கவேண்டாம்! இனிமேல் சீட்டுப் போட்டால் பொண்ணுங்க பேரையும் சேர்த்துப் போடு, அவங்களாவது முழுசாப் படிப்பாங்க என்று பெரியம்மா தன் மகனிடம் சொன்னாள். அதைக் கேட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு புத்தகத்தைப் பற்றியது மட்டும் இல்லை போலிருந்தது. எனக்குப் பிடிபடவில்லை.

கதை முடிவதற்குள் முதல் படகு தெரிந்தது. பெண்கள் எழுந்து நின்றார்கள். அப்புறம் இரண்டாவது. எங்கள் படகு கடைசியில்தான் வந்தது. காற்றில் வலை அறுந்து, மீனும் சரியாக இல்லாமல், நைனா எரிச்சலோடு இறங்கினார். ஊர்ப் பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுக் கரையில் வேடிக்கை பார்ப்பது போல அவருக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா கையில் ஒன்றும் இல்லாததைக் கண்டு இறால் எங்கே என்றார். இல்லை என்றாள் அம்மா. பறி எங்கே என்றார். தண்ணியில போயிடுச்சு என்றாள்.

பிடித்துக்கொண்டார் நைனா. வாயில கடிச்சிருக்கிற பறியக்கூட காப்பாத்தத் துப்பில்லையா என்று ஆரம்பித்தவர், மணல் மேட்டைத் தாண்டி வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை. அம்மா வாயைத் திறந்தால் நைனா எதிரே நிற்கமாட்டார். ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கிறவள் கரையில் அவள். நான் அந்த ஒன்பதுக்காகக் காத்துக்கொண்டே பின்னால் நடந்தேன். அவள் ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு தடவை முன்னால் ஓடித் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். ரேடியோவில் பிடித்த பாட்டுக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டு, சிரித்தபடி வந்தாள்.

இவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு ஒருத்தி எதற்குச் சிரிக்கிறாள் என்று அக்காவைக் கேட்டேன். சும்மா வாடா என்றாள். நானும் விட்டுவிட்டேன். இன்றைக்குப் போன என் பாடு நாளைக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் அப்போது எனக்கிருந்த பெரிய கவலை.