உடைத்த பிளேட்டும் ஒரே படமும்

இன்று சங்கரன்கோவில் ஸ்டுடியோவில் எங்கள் குடும்பப் படத்தை வாங்கப் போனேன்.

படத்தில் என் ஓரகத்தியும் உண்டு. தன் மகள் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் பாயசம் ஊற்றாமல் தாண்டிப் போனவள். அவளுக்கு ஒரு பிரதிகூடக் கிடைக்கக் கூடாது.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு இருந்தாத்தான் படத்துக்கு மதிப்பு. பிரதி போடுற அந்தக் கண்ணாடிப் பிளேட்டை என் கண்ணு முன்னால உடைச்சிரு" என்றேன்.

ஸ்டுடியோக்காரன் உடைத்தான். பிறகுதான் படத்தைப் பார்த்தேன். அவள் மகாராணி மாதிரிச் சிரிக்கிறாள். என் கண்கள் இரண்டும் மூடியிருக்கின்றன.

"பிளேட்டுல பென்சில வச்சு வரைஞ்சு கண்ணைத் திறந்து விட்டிருப்பனே, ஆச்சி. அதத்தான உடைக்கச் சொல்லிட்டீய" என்றான்.

சாயங்காலம் ஓரகத்தி வந்து பார்த்தாள். "அக்கா, இது உங்க வீட்டுலயே இருக்கட்டும். நான் தினமும் வந்து பாத்துக்கிடுதேன்."

யார் வீட்டிலாவது இந்தப் படத்தை மாட்ட வெறும் சுவர் இருந்தால் சொல்லுங்கள்.