எந்த வரிக்கு அப்பா இசைந்தார்?

எங்கள் அன்பு அக்கா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், தறிச்சத்தம் ஓயாத தெருவில் பிறந்தார். வீட்டுக்கு மூத்தவர். நான் தவழும் வயதிலேயே அம்மா இறந்துவிட, எனக்குத் தலைவாரிப் பின்னியதும் அவரே, முதுகில் இரண்டு வைத்ததும் அவரே. வறுமையிலும் ஆசிரியர் பயிற்சி முடித்து, அறுபதுகளில் எங்கள் பேட்டைப் பள்ளியிலேயே ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக வந்தார். அந்த வகுப்பில் நானும் ஒருத்தி.

அக்காவுக்குத் தீராத நோய் ஒன்று உண்டு. எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்பார். பாடநூலில் கடிதம் என்றால் விடுப்பு விண்ணப்பம்தான். “காய்ச்சல்னு எழுதினா யார் வேணாம்னு சொல்வாங்க? மாட்டேன்னு சொல்றவங்களுக்கு எழுதுங்க” என்றார். வீட்டில் ஒருவரிடம், உண்மையாகவே வேண்டிய ஒன்றைக் கேட்க வேண்டும். கடிதத்தை அமாவாசையன்று கொடுக்க வேண்டும். அன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. தலைமுழுகிச் சாப்பிட்டு ஓய்வாக இருக்கும் தகப்பனார்தான் காது கொடுப்பார் என்பது அக்காவின் எண்ணம்.

ஐந்தாவதோடு என்னை நிறுத்தித் தறியில் உட்கார வைக்க அப்பா முடிவு செய்திருந்தார். அக்கா இரண்டு முறை பேசியும் அவர் அசையவில்லை. நான் கண்ணீரும் கம்பலையுமாக ஒரு பக்கம் எழுதிக் காட்டினேன்.

“எல்லா வரியிலும் நீதான் இருக்கிற. அப்பா எங்க? நீ ஸ்கூலுக்குப் போனா அவருக்கு என்ன கஷ்டம்னு கேட்டியா?”

“கேக்கலக்கா.”

“கேட்டுட்டு வந்து எழுது.”

தறியருகே போய், “நான் ஆறாவது போனா உனக்கு என்ன கஷ்டம்பா?” என்றேன். அப்பா தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள ஆள் வேணும்மா. ஒத்த ஆளா எட்டி எட்டித் தோள்பட்ட வலிச்சிக்கினே இருக்குது.”

சேலையின் மறுகரைக்கு, ஊடுநூல் கோத்த நாடாவைத் தள்ள எதிர்ப்பக்கம் ஒருவர் உட்கார வேண்டும். அவருக்குத் தோள் வலிக்கும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

பள்ளிக்கு முன்பும் பின்பும், ஞாயிறு முழுவதும் அந்தக் கரைக்கு நானே உட்காருகிறேன் என்று எழுதினேன். அக்கா ஏழெட்டு முறை திருத்த வைத்தார். சோற்றுப் பருக்கை தடவி உறையை ஒட்டி, அமாவாசையன்று அப்பாவிடம் நீட்டினேன். மறுநாள் காலை, “ஆறாவதுல சேத்து வுட்டுடும்மா” என்று அக்காவிடம் சொன்னார்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது.

“யாருப்பா படிச்சாங்க?” என்றார் அக்கா.

“பக்கத்து வூட்ல படிச்சிக் காட்டினாங்கம்மா.”

“எந்த வரிப்பா உன் மனச மாத்திச்சி?”

“எல்லாந்தாம்மா.”

அக்கா விடவில்லை. தோள்வலி வரியா, ஞாயிற்றுக்கிழமை வரியா என்று அப்பா மறையும்வரை கேட்டார். அவரும் சிரித்தே மழுப்பினார். ஓய்வு பெற்று, உடல் தளர்ந்து படுத்த படுக்கையான தன் கடைசி வாரத்திலும் அக்கா என்னிடம், “எந்த வரிடி அது?” என்றார்.

அந்த நாட்களில் இரவு பகலாக உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், ஓரிக்கையிலிருந்து நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்த அவருடைய பழைய மாணவிக்கும், தோள்கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த முதலாண்டு நினைவு நாளுக்காக வீட்டை ஒழித்தபோது, அப்பாவின் மரப்பெட்டியில் என் கடிதம் கிடைத்தது. உறை பிரிக்கப்படவே இல்லை. ஒட்டிய பருக்கை அப்படியே காய்ந்திருந்தது.

அக்கா, அது எந்த வரியும் இல்லை. கேட்டுவிட்டு வா என்று என்னை அனுப்பினீர்களே, அதுதான்.