இருட்டறைக்குள் இரண்டு பெண்கள்

ராயபுரத்தில் ஒரு ஸ்டுடியோவின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டோ பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐம்பதுகளின் தொடக்கம். நான் தண்டையார்பேட்டையில் டீச்சர் வேலையில் இருந்தேன். என்னோடு சேர்ந்தவள் வண்ணாரப்பேட்டைத் தோல் வியாபாரி ஒருவரின் மனைவி. அவளிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. என்னிடம் எதுவும் இல்லை. இருவருக்கும் அதுவே போதும் என்றாள்.

மூன்று வகுப்புகள், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பேர். முதல் வகுப்பில் கேமராவை ஆடாமல் பிடிக்கவேண்டும். இரண்டாவதில் வெளிச்சம் பார்த்து லென்ஸைத் திறக்கவும் மூடவும் பழகவேண்டும். மூன்றாவது இருட்டறை. பிலிம் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் அங்கேதான்.

முதல் இரண்டையும் முடித்தோம். எங்களோடு முடித்த ஆண்கள் இருட்டறைக்குப் போனார்கள். எங்களை மட்டும் திரும்பவும் முதல் வகுப்புப் பெஞ்சில் உட்காரச் சொன்னார் மாஸ்டர்.

"இன்னா மாஸ்டர், நாங்க பெயிலா?" என்று கேட்டாள் அவள்.

"பெயில்லாம் இல்லம்மா. உள்ள ஒரே இருட்டா கீது. ஆம்பளைங்க நிக்கிற எடம். நாலு பேரு நாலு விதமா பேசுவான். எனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"பேசறவன் வாயை மூட மாட்டீங்க, எங்களுக்குக் கதவை மூடுவீங்களா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். குழந்தை அடம் பிடிப்பதைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. வீடு வரும்வரை எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

என் வீட்டில் அண்ணனும் நானும்தான்; என்னை வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அங்கே ஜன்னல் இல்லாத குளியலறையை நானும் அவளும் இருட்டறையாக்கினோம். வாசலில் கம்பளி தொங்கியது. லாந்தருக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றினோம். பாரீஸ் கார்னர் பக்கம் அலைந்து பிலிம் கழுவும் மருந்துகள் வாங்கிவந்தோம். கழுவிய முதல் பிலிம் முழுக்கக் கறுத்துவிட்டது. அண்ணாந்து பார்த்தால் ஓட்டு இடுக்கில் வெயில். நான் சோர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிக்கா, கோணி எங்க கீது?" என்றாள் அவள். ஸ்டூல் மேல் ஏறி இடுக்குகளையெல்லாம் அடைத்தாள்.

அடுத்த பிலிமில் காசிமேட்டில் கூடை இறக்கும் மீன்காரப் பெண்களைப் பிடித்திருந்தோம். அதைப் பிரிண்ட் போட்டபோது, மருந்துத் தட்டில் மிதந்த வெள்ளைக் காகிதத்தில் முதலில் ஒரு கூடை தெரிந்தது. பிறகு அதைப் பிடித்திருந்த கை, கடைசியாக முகம். அவள் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு மூன்றாம் வகுப்புப் படங்கள் காயும் கயிற்றில் எங்கள் படங்களையும் மாட்டிவைத்தோம். மாஸ்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து எங்கள் படம் ஒன்றின் முன்னால் நின்றார்.

"இத்த யாரு கழுவுனது?"

"நாங்கதான்."

கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "சரிம்மா. துணைக்கு உங்கண்ணனை இட்டுகினு வா. சேத்துக்கறேன்."

"எங்கண்ணனுக்குக் கேமராவைத் தொடவே தெரியாது மாஸ்டர். அவரை முதல் வகுப்புல சேத்துக்குங்க. நாங்க மூணாவதுக்குப் போறோம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் பதில் சொல்லுமுன் நாங்கள் உள்ளே போய்விட்டோம். கதவைச் சாத்தியவள் அவள்தான். உள்ளே இருந்த ஆண்களில் ஒருவர் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். இன்னொருவர் எழுந்து வெளியே போனார், பிறகு வரவே இல்லை. வராவிட்டால் போகட்டும் என்றிருந்தோம்.

அந்த வகுப்பை முடித்தோம். அயல்நாட்டிலிருந்த கணவர்களிடம் போகப் பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டிய பெண்கள் அவள் தெருவில் பலர் இருந்தார்கள். ஆண் முன்னால் முகம் காட்டமாட்டோம் என்றார்கள். அவர்களுக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்தோம். 'பெண்களுக்குப் பெண்களே போட்டோ எடுக்கிறோம்' என்று அவள் வீட்டு வாசலில் ஒரு பலகை மாட்டினாள். மறுநாள் காலை அதை யாரோ கழற்றிச் சாக்கடையில் போட்டிருந்தார்கள்.

அவள் அதைக் கழுவித் துடைத்தாள். ஏணி கொண்டுவரச் சொல்லி, கைக்கெட்டாத உயரத்தில் நான்கு ஆணி அடித்தாள்.