ஆட்டுக்குப் போடும் கட்டு

ஆர்வில் ஸ்டென்ருடுக்கு அறுபத்தெட்டு வயது. மொன்டானாவில் எங்கள் பண்ணைக்கு அடுத்தது அவருடையது. முந்நூறு ஆடும் ஒரு நாயும்தான் அவர் குடும்பம். மனைவி போய் ஆறு வருடமாகிறது. தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்காருவார். பாட்டுக்கு வாய் திறக்கமாட்டார், ஆனால் ஒரு ஞாயிறும் தவறமாட்டார்.

நாயின் பெயர் ஸ்கீட், பதினோரு வயது. சுற்றுவட்டாரத்து நல்ல ஆட்டு நாய்களில் பாதி அவன் பிள்ளைகள். அதனால் அவனுக்கு விதையை எடுத்து மலடாக்க ஆர்வில் சம்மதிக்கவே இல்லை.

மார்ச்சில், ஆடுகள் குட்டி போடும் சமயத்தில், ஸ்கீட் வெளிக்குப் போகமுடியாமல் முக்கினான். வாலுக்கு ஒரு பக்கத்தில் எலுமிச்சை அளவு வீக்கம் இருந்தது. ஆர்வில் பயப்படவில்லை. சினை ஆடு முக்கி முக்கிப் பின்பக்கம் சதை வெளியே தள்ளினால், அவர் கையால் உள்ளே அழுத்தி, இடுப்பையும் பின்பக்கத்தையும் சேர்த்துச் சுற்றிக் கயிற்றுக் கட்டு போடுவார். நாற்பது வருடப் பழக்கம். ஸ்கீட்டுக்கும் அதையே செய்தார்.

மறுநாள் காலையில் என் கதவைத் தட்டினார்.

"லவோன், வண்டிய எடு. நேத்து மத்தியானத்துலேர்ந்து அவன் ஒண்ணுக்கே போகல. வீக்கம் ஆரஞ்சுப் பழமாட்டம் ஆயிருச்சு."

நாற்பது மைல், பனி உறைந்த சாலை. பின்னிருக்கையில் ஸ்கீட்டின் தலை அவர் மடியில் கிடந்தது. நான் வாய்க்குள் ஜெபம் முணுமுணுத்தேன்.

"சத்தமா சொல்லு. அவனுக்கும் கேக்கட்டும்," என்றார்.

கால்நடை மருத்துவர் மாரிட் கட்டைப் பார்த்தவுடன் நின்றுவிட்டார்.

"இத யாரு கட்டினது?"

"நான்தான்."

"ஆர்வில், இவன் சினை ஆடு இல்ல!" என்று சொல்லிக்கொண்டே கத்தரியால் கயிற்றை வெட்டினார். "விதை எடுக்காத கிழட்டு நாய்ங்களுக்கு இங்க பின்பக்கத் தசை மெலிஞ்சு பிரிஞ்சு போகும். உள்ள இருக்கறது அந்த ஓட்டை வழியா இறங்கிரும். இவனுக்கு மூத்திரப் பையே இறங்கியிருக்கு. நீங்க அது மேல கட்டு போட்டிருக்கீங்க."

ஆர்வில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

மாரிட் ஊசியால் மூத்திரத்தை உறிஞ்சி எடுத்ததும் வீக்கம் பாதியாகக் குறைந்தது. "இப்பவே ஆபரேஷன். பையை உள்ள தள்ளி, பக்கத்துத் தசையை இழுத்து ஓட்டைய மூடித் தைக்கணும். விதையும் எடுத்துருவேன். இல்லன்னா திரும்ப வரும்."

"எடுத்துட்டா அவன் ஆட்ட மேய்க்க மாட்டானே…"

"அதான் பத்து வருஷமா சொல்றீங்க. ஆட்ட மேய்க்கறது அவன் தலை, அது இல்ல. கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

இரண்டரை மணி நேரம். ஆர்வில் தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் கொடுத்த காப்பி அப்படியே ஆறிப்போயிற்று. "இருபது நாளா முக்கினான், லவோன். சோத்துல தவிட்டக் கலந்து போட்டா சரியாயிரும்னு இருந்துட்டேன்," என்றார். நான் ஜெபத்துக்குக் கைகளைக் கோத்துக்கொண்டேன்.

மாரிட் வெளியே வந்தார். "தைச்சாச்சு. ஆனா சந்தோஷப்படாதீங்க. பை ரொம்ப இழுபட்டுக் கிடந்துச்சு. மூத்திரம் வடியக் குழாய் வச்சிருக்கேன், நாளைக்கு அத எடுப்பேன். தானா ஒண்ணுக்குப் போனாத்தான் பை பிழைச்சுதுன்னு அர்த்தம்."

மறுநாள் குழாயை எடுத்தபின் ஆர்வில் அவனை மருத்துவமனைக்குப் பின்னால் பனியில் மெதுவாக நடத்தினார். ஒரு சுற்று முடிந்தது, ஒன்றுமில்லை. இரண்டாம் சுற்றிலும் இல்லை. ஸ்கீட் முகர்ந்து பார்ப்பான், குனிவான், எழுந்துவிடுவான்.

"போடா என் ராசா. யாரும் பாக்கல. லவோன், நீ அந்தப் பக்கம் திரும்பும்மா!"

நான் வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டேன். வேலிக் கம்புகளை எண்ணத் தொடங்கினேன். பிறகு ஆர்வில் மூக்கை உறிஞ்சினார்.

திரும்பிப் பார்த்தேன். ஸ்கீட் பெட்டை நாய்போலக் கால் மடக்கிக் குந்தியிருந்தான். பனியில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று, விட்டு விட்டு நீண்டது. ஆர்வில் பனியிலேயே மண்டியிட்டுவிட்டார்.

மாரிட் சன்னலைத் திறந்தார். "ஆர்வில், இன்னொரு பக்கமும் தசை மெலிஞ்சுதான் இருக்கு. முக்கினான்னா அன்னிக்கே கூட்டிட்டு வரணும். கட்டு கிட்டு போடக்கூடாது!"

"வரேன் டாக்டர்," என்றார் அவர், எழுந்திருக்காமலே. "அன்னிக்கே வரேன்."