மெதுவாக் கட்டத் தெரியாத கை

பாவாத்தாளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கல்யாணப் பந்தியில உக்கார வெச்சாலும் பக்கத்து எலைக்கெல்லாம் தண்ணி தெளிச்சுப்போட்டுத்தான் தன் எலையைப் பாப்பா. "தூக்கத்துலகூட வெரல் ஆடுது"ம்பார், மதுக்கரையில லாரி ஓட்டற புருசன் கருப்புசாமி. கணபதிங்கற ஊர்ல ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியில பதினேழு வருசமா காயில் கட்டறா. செம்புக் கம்பியை மோட்டாருக்குள்ள வரிசை பிசகாமச் சொருகற வேலை. அவ வேகத்துக்கு அங்க ஆளே கிடையாது.

அந்த வேகமே வினையாச்சு. "சீனாக்காரன் இருபது நிமிசத்துல ஒண்ணு கட்டறானாமா! நம்ம நாட்டு உற்பத்தித் திறனே பின்னால நிக்குதாமா!"ன்னு முதலாளி கோவிந்தராஜுலு, ஜாவித்ங்கற இஞ்சினீயரை ஸ்டாப்வாட்சோட கூட்டிட்டு வந்துட்டார். யாரை அளக்கறது? பாவாத்தாளைத்தான்.

அளக்கறதுக்கு முந்தின நாளே பக்கத்து மேசை மெஹராஜ் அவ கையைப் புடிச்சுட்டா. தோள் வலியோட, மோட்டாருக்கு முப்பது நிமிசம்ங்கற அப்பத்த இலக்கையே தட்டுத்தடுமாறி எட்டறவ. "அக்கா, நாளைக்கு மட்டும் மெதுவாக் கட்டுங்க. உங்க வேகத்தை எங்களுக்கும் இலக்காப் போட்டாங்கன்னா என்னை ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க."

"நான் பாத்துக்கறேன் கண்ணு."

பாத்துக்கிட்ட லட்சணம்! மொத ரெண்டு சுத்து மெதுவாத்தான் போச்சு. அப்புறம் கை யாரைக் கேட்டுது? நிமிந்து பாத்தா மோட்டாரே முடிஞ்சிருக்குது. இருபத்திரண்டு நிமிசம். அதுவே எல்லாருக்கும் இலக்காச்சு. பாவாத்தாளுக்கு வெக்கத்துல மூஞ்சி எரிஞ்சுது.

செஞ்ச தப்புக்குச் சோத்து நேரம், டீ நேரமெல்லாம் மெஹராஜோட மோட்டாரையும் இவளே கட்டினா. ஒரு மாசம் ஓடுச்சு. ஜாவித் முதலாளியோட சிரிச்சுட்டே வந்தார். "எல்லாரும் எட்டிட்டீங்க. இனி இருபதாக் கொறைச்சரலாமுங்க."

பாவாத்தாள் எந்திரிச்சுட்டா. "அது பொய்க் கணக்குங்க தம்பி. தெனமும் மெஹராஜ் பேர்ல நாலு மோட்டார் நான் கட்டினது."

மெஹராஜ் மூஞ்சி வெளுத்துப்போச்சு. "என்னக்கா இது!"

"இரு அம்மணி. ஏனுங்க தம்பி, வேகக்காரி ஒருத்தியை அளந்தா அது கம்பெனி வேகமாயிருமா? இவளையும் அளங்க. இங்க கட்டற எட்டுப் பேரையும் அளந்துபோட்டு அப்புறம் இலக்கைச் சொல்லுங்க."

முதலாளி மொறைச்சார். ஜாவித் மெஹராஜ் மேசையில வாட்சை வெச்சார். "சரிங்க. ஆனா நீங்க தொடக்கூடாது."

பாவாத்தாள் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு உக்காந்துட்டா. பத்து நிமிசம். பதினஞ்சு. மெஹராஜுக்குக் கம்பி ஒண்ணு நழுவுச்சு; இவ பாதி எந்திரிச்சு, பல்லைக் கடிச்சுட்டு மறுபடி உக்காந்தா. இருபத்திரண்டு தாண்டுச்சு. இவ உசுரே போயிட்டு வந்துச்சு.

"அக்கா, காலாட்டாதீங்க. எனக்குக் கம்பி தப்புது"ன்னா மெஹராஜ், தலை நிமிராம.

காலும் நின்னுச்சு.

இருபத்தெட்டு நிமிசம். ஜாவித் அதை நோட்டுல எழுதி முடிக்கற வரைக்கும் பாவாத்தாள் கையை வெளிய எடுக்கலை.