தாமசினின் இரங்கல் பா

ஜேபஸ் கிம்பர் செத்தவர்களைப் பாடிப் பிழைத்தவன். லண்டனில் பெரிய மனிதர் யாராவது படுத்த படுக்கையானால் போதும், வைத்தியருக்கு முன்னால் இவன் போய் வேலைக்காரியிடம் விசாரிப்பான். உயிர் பிரியும் முன்பே இரங்கல் பா தயாராகிவிடும். பிரிந்த அன்றே கறுப்புக் கட்டம் போட்டு அச்சடித்துத் தெருவில் விற்க வேண்டுமே. அச்சகத்தில் அதற்கு ஈய எழுத்துக் கோத்தது நான். இருபது வருஷத்தில் அவன் எழுதிய ஒரு வரிகூட என் மனதில் நின்றதில்லை. எல்லாப் பிணத்துக்கும் அதே அல்லிப்பூ, அதே தேவதூதர்கள்.

அவன் மனைவி தாமசின் சலவைக்காரி. அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குக் கடும் காய்ச்சல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், பழக்க தோஷம், அவளுக்கும் எழுதிவிட்டான். அதில் அல்லிப்பூ இல்லை. இடது மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இருந்தது. துணி காயாத நாளில் அவள் மேகத்தைத் திட்டுவது இருந்தது.

அதற்குள் ஒரு நகரசபைக்காரரின் மனைவி திடீரென்று இறந்துபோனாள். நண்பகலுக்குள் பா வேண்டும் என்று முதலாளி குதித்தார். ஜேபஸ் தாமசினுக்கு எழுதியதையே பெயர் மாற்றி, மேக வரியை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தான்.

"யோவ், சீமாட்டி கையில இஸ்திரித் தழும்பு எப்படிய்யா வரும்?" என்று கேட்டேன்.

"மோதிரத் தழும்புன்னு போட்டுக்கோ. எம் பொண்டாட்டி பொழச்சுக்குவா. அவளுக்கு எதுக்கு இது?"

தாள் நன்றாக விற்றது. ஐந்தாம் நாள் தாமசின் இறந்தாள்.

எங்கள் வழக்கப்படி சவப்பெட்டியின் துணியில் பாட்டெழுதிய தாளைக் குத்த வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்தும் அவனுக்கு ஒரு வரி வரவில்லை. கடைசியில் சீமாட்டியின் தாளையே எடுத்து, பெயரை அடித்து, மையால் தாமசின் என்று எழுதிக் குத்தினான்.

இழவுக்கு வந்து அதை எழுத்துக் கூட்டிப் படித்த தெரு ரொட்டிக்காரி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஊருக்கெல்லாம் புதுசு, கட்டுனவளுக்கு மட்டும் பழசா?"

ஜேபஸ் காதில் விழுந்தது. அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் சீமாட்டி வீட்டார் அச்சகத்தை மூடவைத்துவிடுவார்கள். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்கூட வரவில்லை.

ரொட்டிக்காரி தாளை இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். 'மோதிர' என்பதை அடித்து மேலே 'இஸ்திரி' என்று எழுதியிருந்தது.

"பாரேன், சலவைக்காரிக்குப் பொருந்தணும்னு இதையும் மாத்தியிருக்கான்."

முதலில் இருந்த இஸ்திரியை எடுத்துவிட்டு மோதிரத்தைக் கோத்தவன் நான்.